துளைக்குள் நிக்கலைப் படிப்பது எப்படி?

கனடாவின் நிக்கல் சுரங்கப் பகுதியான சட்பரியில், தாது தேடித் துளையிட்ட ஆழ்துளைக்குள் அளவீட்டுக் கருவி இறக்கும்போது நான் முதலில் அளப்பது துளையின் விட்டத்தை. சுவர் பெயர்ந்த இடத்தில் அடர்த்தி குறைவாகவே பதிவாகும். அந்த எண்ணை நம்பவே நம்பாதீர்கள். கருவியைத் தாங்கும் வடம் தொய்யாமலிருக்க, மேலே இழுக்கும்போது அளவெடுங்கள்.

நோரைட் என்னும் தீப்பாறையில் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே நிற்கும். உலோகமும் கந்தகமும் சேர்ந்த தாதுவான சல்பைடு திண்மையாக இருக்கும் இடத்தில் 4-ஐத் தாண்டும், மின்கடத்துதிறனும் சட்டென்று எகிறும். அவசரப்படாதீர்கள்! அப்படி எகிற வைப்பது பெரும்பாலும் பைரோடைட் என்னும் இரும்புச் சல்பைடு. நிக்கல் இருப்பதோ அதனோடு கலந்து கிடக்கும் பென்ட்லண்டைட் என்னும் கனிமத்தில். ஆகவே துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகளின் வேதிப் பகுப்பாய்வு எண்களோடு ஒப்பிட்டே தீர வேண்டும். பாறை உருளைப் பெட்டியில் பென்சிலால் எழுதிய ஆழமும் வடம் காட்டும் ஆழமும் அரை மீட்டர் பிசகினால்கூட மெல்லிய தாதுப் பட்டை தவறான பாறையில் போய் உட்கார்ந்துவிடும்.

தாது அகப்படாத துளையா? உடனே மூடிவிடாதீர்கள். துளைவழி மின்காந்த அளவீடு, பல பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும் சல்பைடையும் காட்டிக்கொடுக்கும்.