நாஜிக் கால மருத்துவர் ஒருவரின் போருக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தேடி அறிவது எப்படி?

முதலில், அம்மருத்துவர் 1945க்குப் பிறகு தம்மைப் பற்றி எழுதிக்கொடுத்த வாழ்க்கைக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘போர்க்காலப் பணி’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் ஆண்டுகளிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, பெர்லினிலுள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்திடம் அவருடைய கட்சி உறுப்பினர் அட்டையைக் கேட்கலாம். ஆனால் ஜெர்மன் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்ததால், அந்த அட்டை மட்டும் குற்றத்துக்குச் சான்றாகிவிடாது. அதைவிட முக்கியமானவை நோயாளிகளின் கோப்புகள். கருணைக்கொலை என்ற பெயரில் நாஜிகள் கொன்ற மனநோயாளிகள், ஊனமுற்றோரின் கோப்புகளில் சுமார் 30,000 அதே காப்பகத்தில் எஞ்சியுள்ளன. நோயாளியை இடம் மாற்றிய ஆணையில் யார் கையெழுத்திட்டார் என்று பாருங்கள். 1943இல் ஒரு சிறுமியைக் கொலைக்களமான எக்லஃபிங்-ஹார் மருத்துவமனைக்கு அனுப்பிய தாளில் இருந்த கையெழுத்துதான், உலக மருத்துவச் சங்கத்தின் தலைவர் பதவிக்குத் தேர்வான ஹான்ஸ் ஜோகிம் செவெரிங்கை 1993 ஜனவரியில் விலக வைத்தது.

போருக்குப் பின் நாஜித் தொடர்புடையவர்களை ஆராய்ந்த ‘நாஜி நீக்க’ விசாரணைகளின் கோப்புகளில் சக மருத்துவர்களும் பாதிரியார்களும் எழுதிக்கொடுத்த நற்சான்றுகள் குவிந்திருக்கும். சலவைத்தூளின் பெயரால் ‘பெர்சில் சான்றிதழ்’ என்று ஜெர்மானியரே அவற்றைக் கேலி செய்தனர். அவற்றை நம்ப வேண்டியதில்லை, ஆனால் எழுதியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் காப்பாற்றிய வட்டம் அங்கேதான் புலப்படும். பெயரே மாறியிருக்கவும் கூடும்: அக்கருணைக்கொலைத் திட்டத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வெர்னர் ஹைடெ, ஃபிரிட்ஸ் சாவாடெ என்ற பெயரில் ஃப்ளென்ஸ்பர்க்கில் 1959 வரை மருத்துவ நிபுணராகக் கருத்துரை வழங்கிவந்தார்.

தீர்ப்போடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. வியன்னாவின் ஷ்பீகல்க்ருண்ட் சிறுவர் மருத்துவமனையில் 789 குழந்தைகள் இறந்தனர். அங்கு பணியாற்றிய ஹைன்ரிக் க்ரோஸுக்கு 1950இல் விதிக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறைத்தண்டனை மறு ஆண்டே ரத்தானது. எனவே அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆய்வுக்கு உட்பட்ட மூளை யாருடையது, எந்த ஆண்டில் கிடைத்தது என்று கேட்க வேண்டும். கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளை வைத்தே 1950களிலிருந்து கட்டுரைகளை வெளியிட்ட அவருக்கு, 1975இல் அறிவியலுக்கான அரசு விருதும் கிடைத்தது.

நீதிமன்ற மனநல அறிக்கைகளையும் விடாதீர்கள். அதே 1975இல் சிறையிலிருந்த ஃபிரீட்ரிக் சாவ்ரெலைப் பரிசோதிக்க வந்த க்ரோஸ், தம் அறிக்கையில் நாஜிக் காலக் கோப்பையே மேற்கோள் காட்டினார். ஷ்பீகல்க்ருண்டில் உயிர்தப்பிய சிறுவனாகிய சாவ்ரெல், எதிரே அமர்ந்திருப்பவர் யாரென்று அடையாளம் கண்டுகொண்டார்.