ஆம்பர் பெர்ஃப்யூமை முகர்வதும் அணிவதும்

கடையின் கண்ணாடி அலமாரியில் 'ஆம்பர்' என்று எழுதிய புட்டியைப் பார்ப்பவருக்கு முதலில் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும், மணியாகக் கோத்து அணியப்படும் மஞ்சள் நிறப் புதைபடிவப் பிசின். மற்றொன்று, ஸ்பெர்ம் வேல் என்னும் திமிங்கலத்தின் குடலில் விளைந்து கடலில் மிதக்கும் அம்பர்கிரிஸ். கடத்தல் செய்திகளில் நாளிதழ்கள் 'திமிங்கல உமிழ்நீர்' என்று எழுதுவது இதைத்தான், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இதை வைத்திருப்பதே குற்றம். புட்டிக்குள் இருக்கும் ஆம்பர் இவை இரண்டுமே அன்று. லாப்டனம் என்னும் செடிப் பிசின், சாம்பிராணி, வெனிலா ஆகிய மூன்றையும் அடித்தளமாக வைத்து வாசனை வல்லுநர்கள் கட்டியெழுப்பிய கற்பனை மணம் அது. வெனிலாவின் முக்கிய மணப்பொருளான வெனிலினை 1874-இல் டீமான், ஹார்மான் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் செய்து காட்டிய பிறகுதான், இந்தக் கூட்டில் இனிப்பைத் தாராளமாகச் சேர்ப்பது சாத்தியமாயிற்று.

ரோஜா பெர்ஃப்யூம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், தோட்டத்து ரோஜாவை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஆம்பருக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இயற்கையில் எதுவும் இல்லை. ஆகவே ஓர் ஆம்பரை மதிப்பிட விரும்புபவர், அந்த மூன்று பொருள்களையும் தனித்தனியே மூக்குக்குப் பழக்கிக்கொண்டு, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை.

இதில் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சாதகமும் ஒரு சங்கடமும் உண்டு. சாம்பிராணி நமக்குப் பிறந்தது முதலே தெரியும். குளித்த குழந்தையின் தலையைக் காயவைக்கப் போடும் புகையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைவரை அது கூடவே வருகிறது. ஆனால் நமக்குத் தெரிந்தது எரியும் சாம்பிராணியின் வாசனை. பெர்ஃப்யூமில் சேர்வது எரியாத சாம்பிராணி. நாட்டு மருந்துக் கடையில் கட்டிச் சாம்பிராணியாக, கிடைத்தால் வெண்ணிறத் துண்டுகள் பதிந்த பால் சாம்பிராணியாகக் கேட்டு, சிறிதளவு வாங்கிக்கொள்ளுங்கள். குங்கிலியம் கலந்த தூளும், கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று விற்கப்படுவதும் இதற்குப் பயன்படாது. ஒரு துண்டை உடைத்து, தணலில் போடாமல், உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் மூடியிருந்துவிட்டுத் திறந்து முகர்ந்தால், புகையின் சாயலே இல்லாமல், பாலில் வெனிலாவும் சிறிது பட்டையும் விழுந்ததுபோன்ற மென்மையான இனிப்பு வரும். லாவோஸிலிருந்து வரும் சாம்பிராணியில் வெனிலாச் சாயலும், சுமத்ராவிலிருந்து வருவதில் பட்டைச் சாயலும் கூடுதலாக இருக்கும். இதை ஒருமுறை தெரிந்துகொண்டவர், எந்த ஆம்பரை முகர்ந்தாலும் 'பூஜை அறை வாசனை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளமாட்டார்.

லாப்டனத்துக்கு நம் வீட்டில் இணை கிடையாது. மத்தியதரைக் கடலோர நாடுகளில், குறிப்பாக ஸ்பெயினின் தெற்கே, மேட்டு நிலங்களில் வளரும் சிஸ்டஸ் செடியின் இலையும் தண்டும் கோடை வெயிலில் கசியும் பிசின் அது. பழைய காலத்தில் அந்தச் செடிகளுக்கிடையே மேய்ந்து திரும்பிய ஆடுகளின் தாடியில் ஒட்டியிருந்ததைச் சீவி எடுத்தார்கள். கிரீட் தீவில் தோல்வார்கள் தொங்கும் வாருகோலைச் செடிகளின்மேல் இழுத்துச் சேகரித்தார்கள். தோல், தேன், உலர்ந்த அத்தி, வெயிலில் கிடந்த சருகு ஆகியவை ஒன்றாகக் கலந்ததுபோன்ற கனத்த மணம் அதற்கு. ஆம்பருக்கு முதுகெலும்பு இதுதான். லாப்டனம் குறைந்து வெனிலா மிகுந்தால் அது கேக் கடை ஆகிவிடுகிறது. விலையுயர்ந்த புட்டிகளிலும் இந்தக் குறையைப் பார்க்கிறேன்.

விகிதம் மாறினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு பெர்ஃப்யூம்களை அருகருகே வைத்து முகர்வதைவிடச் சிறந்த வழி இல்லை. செர்ஜ் லூட்டன்ஸ் நிறுவனத்துக்காகக் கிறிஸ்டோஃபர் ஷெல்ட்ரேக் உருவாக்கிய 'ஆம்ப்ர் சுல்தான்' 1993-இல் வந்தது. அதன் முதல் பத்து நிமிடங்களில் இனிப்பே முன்னால் வராது; ஆரிகனோ, லாரல் இலை, கொத்தமல்லி, மிர்ட்டில் என்று ஒரு மூலிகைக் கட்டு மூக்கில் மோதும். வீட்டுத் தொட்டியில் கற்பூரவள்ளி இருந்தால் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு இதை முகர்ந்து பாருங்கள்: ஆரிகனோவிலும் கற்பூரவள்ளியிலும் காரமாக எழுவது கார்வக்ரால் என்னும் ஒரே பொருள்தான் என்பதால், அந்தத் தொடக்கம் உடனே பிடிபடும். மூலிகை அடங்கிய பின் லாப்டனமும் சாம்பிராணியும் மெல்ல மேலே வருகின்றன, அந்தக் கசப்பு மட்டும் கடைசிவரை இனிப்பைக் கட்டிப்போடுகிறது. மெய்சோன் ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் நிறுவனத்தின் 'கிராண்ட் சுவார்' 2016-இல் வந்தது; லாப்டனம், சாம்பிராணி, வெனிலாவை நினைவூட்டும் டோங்கா விதை, வெனிலா ஆகியவை ஓரமெல்லாம் இழைத்து மெருகேற்றிய பலகைபோல ஒன்றாக வரும், எங்கும் சொரசொரப்பு இருக்காது. திருமண வரவேற்புக்கு அணிய இரண்டாவதைத் தேர்வேன். தனியாக உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்க முதலாவதை.

இவ்விரண்டுக்கும் முன்பாகக் குர்லேன் நிறுவனத்தின் 'ஷாலிமார்' பெர்ஃப்யூமை முகர்ந்துவிடுவது நல்லது. ஜாக் குர்லேன் உருவாக்கி, 1925-இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியின்போது உலகுக்கு அறிமுகமான அது, லாகூரில் ஷாஜஹான் அமைத்த தோட்டத்தின் பெயரைத் தாங்கியது. வெனிலினைவிடச் சுமார் மூன்று மடங்கு வலுவான எத்தில் வெனிலினை பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயோடு மோதவிட்டது. பிறகு வந்த எத்தனையோ ஆம்பர்களின் எலும்புக்கூட்டை இதில் பார்க்கலாம். விலையும் மேற்சொன்ன இரண்டைவிடக் குறைவு.

பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாசனைகளை வகைப்படுத்தி ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடும் மைக்கேல் எட்வர்ட்ஸ், 'ஓரியண்டல்' என்ற பழைய வகைப் பெயரை 2021-இல் கைவிட்டு 'ஆம்பர்' என்று மாற்றினார். ஆகவே பெட்டியில் 'ஆம்பர்' என்றிருந்தால் அது மேலே சொன்ன பிசின் கூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்பர்கிரிஸின் உப்பும் மரமும் கலந்த மணத்தைத் தரும் ஆம்பிராக்சன் போன்ற செயற்கைப் பொருள்களைக் கொண்டு செய்தவையும் ஆம்பர் என்றே விற்கப்படுகின்றன. 'பக்கரா ரூஜ் 540' என்னும் பெர்ஃப்யூம் அந்த வழியில் வந்தது. இவை உலர்ந்தவை, காற்றில் தொலைவு செல்பவை, பிசினின் கதகதப்பு இல்லாதவை. சிலருக்கு இந்த மூலக்கூறுகளின் வாசனை தெரிவதே இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கோ தலை வலிக்கும். எதை வாங்கப் போகிறீர்கள் என்பதை விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முகர்ந்து பார்ப்பதைக் காகிதப் பட்டையில் தொடங்குங்கள். ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பட்டையிலும் பெயரையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். தெளித்தவுடன் மூக்கருகே கொண்டுபோனால் ஆல்கஹால்தான் வரும், அரை நிமிடம் பொறுத்து, மூக்கில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, நீளமாக இழுக்காமல் சிறு சிறு மூச்சாக முகருங்கள். கடைகளில் நீட்டப்படும் காபிக்கொட்டைக் கிண்ணம் மூக்கைப் புதுப்பிக்கிறது என்பது ஆய்வில் நிரூபணமாகவில்லை. வெறும் காற்றுக்கு மேல் அது எதையும் செய்துவிடுவதில்லை. கடையைவிட்டு வெளியே வந்து சில நிமிடங்கள் நிற்பதோ, சொந்த முழங்கையின் உட்புறத்தை முகர்வதோ போதும்.

காகிதம் வேண்டாததைக் கழிப்பதற்கு மட்டுமே. தேர்ந்தெடுப்பதற்குத் தோல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில், விற்பனையாளர் என் இரண்டு கைகளிலுமாக ஐந்து பெர்ஃப்யூம்களைத் தெளித்துவிட்டு, ஒன்று மட்டும் அன்று சலுகை விலையில் இருப்பதாகச் சொன்னார். பத்தாவது நிமிடத்தில் ஆரஞ்சுத் தோலும் ஏலக்காயுமாக மணத்த அதைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டேன். பேருந்தில் வீடு வந்து சேர்வதற்குள் ஆரஞ்சு போய்விட்டது, ஏலக்காய் போய்விட்டது, மிஞ்சியது கருகிய சர்க்கரைப் பாகு. இரவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் அது மணிக்கட்டை விட்டுப் போகவில்லை. அந்தப் புட்டி இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. மேலெழும் பழ, மூலிகை வாசனைகள் எடை குறைந்த மூலக்கூறுகள் என்பதால் முதல் அரை மணி நேரத்தில் பறந்துவிடுகின்றன. ஆம்பர் என்பது அவை போன பின்னால் எஞ்சுவது. நான்காவது மணி நேரத்துக்கு முன்பு அதைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஆகவே முழுப் புட்டி வாங்கும் முன் இரண்டு மில்லி மாதிரிக் குப்பி வாங்கி, வேறு வேறு மூன்று நாள்களில் அணிந்து பாருங்கள். அவற்றில் ஒரு நாள் மழையோ குளிரோ உள்ளதாகவும் ஒரு நாள் வெயிலடிப்பதாகவும் அமைந்தால் நல்லது. முன்கையின் உட்புறத்தில் ஒருமுறை தெளித்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று சொல்வது மிகை, ஆனால் சூட்டில் தொடக்க வாசனைகள் விரைந்து போய்விடும். பிறகு பதினைந்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி, எட்டு மணி என்று குறித்துக்கொண்டு, உங்கள் சொந்தச் சொற்களில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். 'தோல் பை', 'பேரீச்சம்பழம்', 'பழைய மர அலமாரி' என்று எழுதுங்கள்.

அந்தக் குறிப்புகளில் நான் தேடுவது முதலில் இனிப்புக்கு எதிரே என்ன நிற்கிறது என்பதை. கசப்போ, புகையோ, மூலிகையோ, உப்போ ஏதாவது ஒன்று இல்லாத ஆம்பர் இரண்டாம் மணி நேரத்திலேயே திகட்டிவிடும். அடுத்து, அது ஒரே கோட்டில் நிற்கிறதா, நகர்கிறதா என்பது. நகராமல் இருப்பது தன்னளவில் குற்றமன்று. நிற்கும் இடம் அழகாக இருந்தால் போதும். கடைசியாக, அடியில் உலோகம் சுரண்டுவதுபோல ஒரு கூர்மையான உலர்வு எழுகிறதா என்று பார்க்கிறேன். வலுவான செயற்கை மர மணப்பொருள்களை அளவு மீறிக் கொட்டியதன் அடையாளம் அது. கடையின் நெரிசலில் தெரியாது, இரவு படுக்கையில் தெரியும். எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதற்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. வெனிலினும் லாப்டனமும் இயல்பிலேயே கனமானவை, காகிதப் பட்டையில் வாரக்கணக்கில் நிற்பவை. நீடிப்பதற்காக ஆம்பரைப் புகழ்வது, மூழ்குவதற்காகக் கல்லைப் புகழ்வதுபோல.

அணிவதில் முக்கியமானது அளவு. ஐரோப்பியக் குளிர்காலத்தை மனத்தில் வைத்து உருவானவை இந்த மணங்கள். கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து மெல்ல வெளிவர வேண்டியவை. சென்னையின் கத்திரி வெயிலில் நான்கு முறை தெளித்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறுபவர், கூட நிற்கும் அத்தனை பேருக்கும் அநீதி செய்கிறார். மார்கழி, மழைக்கால மாலை, ஏ.சி. மண்டபம் ஆகியவை இதற்கு உகந்தவை. அப்போதும் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். கழுத்தில் தெளித்தால் வாசனை நேராக மூக்குக்கு வந்து, சிறிது நேரத்தில் மூக்கு பழகிப்போய், தீர்ந்துவிட்டதென்று எண்ணி மீண்டும் தெளிக்கத் தோன்றும். சட்டைக்குள் மார்பிலோ, முழங்கை மடிப்பிலோ தெளித்தால் அசையும்போது மட்டும் வந்துபோகும். தோல் வறண்டவர்கள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை முன்பே தடவிக்கொண்டால் மணம் சீராக வெளிப்படும். தலையில் மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷாலிமார் போன்ற, முகப்பவுடரின் சாயலுள்ள ஆம்பர் மல்லிகையோடு நன்றாகச் சேர்கிறது, மூலிகை மிகுந்தவை சேர்வதில்லை.

வெள்ளை வேட்டியிலும் பட்டிலும் நேரடியாகத் தெளிக்கக்கூடாது. பிசின்களுக்கு இயல்பான பழுப்பு நிறம் உண்டு, வெனிலின் நாள்பட நிறம் மாறும்; சலவையில் போகாத கறை பட்ட பின் வருந்திப் பயனில்லை. நகைகளை, குறிப்பாக முத்தை, தெளித்து உலர்ந்த பின்னரே அணியுங்கள். புட்டியைக் குளியலறையிலும் சன்னலோரத்திலும் வைக்காமல், அதன் பெட்டியிலேயே வைத்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும். இடையில் திரவம் கருத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெனிலா மிகுந்தவை கருக்கத்தான் செய்யும், கெட்டுப்போயிருந்தால் தெளித்தவுடன் புளித்த வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று நாள் சோதனை முடிந்ததும், முதல் நாள் தெளித்த காகிதப் பட்டையை எடுத்து, எழுதிய பெயரைப் பார்க்காமல் முகர்ந்து பாருங்கள். அப்போதும் அதை மறுபடி முகரத் தோன்றினால், கடையில் இருப்பவற்றுள் மிகச் சிறிய புட்டியை வாங்குங்கள். ஒரு முறைக்கு ஒன்றிரண்டு தெளிப்பு என்ற கணக்கில், முப்பது மில்லியே இரண்டு மழைக்காலங்களுக்கு வரும்.