மெடிகெய்ட் யாருக்குக் கிடைக்கும்? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மெடிகெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு அது உண்டா? நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலான மாநிலங்களில் ஐந்து வருடம் பொறுக்கத்தான் வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த தடை அது. அதுவரை மார்க்கெட்பிளேஸ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்கலாம். ஆனால் அங்கே மானியம் கிடைக்க, குடும்ப வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது; 2026 தொடக்கத்திலிருந்து விதி இப்படி மாறிவிட்டது. விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் பயணக் காப்பீட்டோடு வருவதுதான் நல்லது.

மெடிகெய்ட் 1965-இல் வந்த திட்டம். செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்வதால் விதிகளும் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் மெடி-கேல், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், நியூஜெர்சியில் ஃபேமிலிகேர். அதனால் பாஸ்டனில் இருக்கும் நண்பர் சொல்வது டாலஸில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. 2010-இல் வந்த ஒபாமா சட்டம், வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை சம்பாதிக்கும் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. 2025 கணக்கில் தனி ஆளுக்கு இது ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலர். ஆனால் 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. டெக்சாஸும் புளோரிடாவும் இன்றுவரை ஏற்கவில்லை. அங்கே குழந்தையோ ஊனமோ கர்ப்பமோ இல்லாத, 65 வயதுக்குட்பட்ட பெரியவர் ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பொதுவாக மெடிகெய்ட் கிடையாது. அநியாயம்தான்.

குழந்தைகள் விஷயம் வேறு. பெற்றோருக்குத் தகுதி இல்லை என்றதும் குழந்தைக்கும் இல்லை என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இங்கே பிறந்த குழந்தை குடிமகன், அதற்குக் காத்திருப்பு எதுவும் இல்லை. வெளியே பிறந்து சட்டப்படி வந்திருக்கும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஐந்து வருடம் காக்க வைக்காமல் சேர்த்துக்கொள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு வழி திறந்தது. குழந்தைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் இதைச் செய்கின்றன. குழந்தைகளுக்கான வருமான வரம்பும் தாராளம். 21 வயது வரை பல், கண், காது, பேச்சுப் பயிற்சி என்று மருத்துவக் காரணத்தோடு தேவைப்படும் எதையும் மெடிகெய்ட் தர வேண்டும். 2024 முதல், ஒரு முறை சேர்ந்த குழந்தையை, வருமானம் கூடினாலும், 12 மாதத்துக்கு நீக்க முடியாது.

அகதிகளாகவோ தஞ்சம் பெற்றோ வந்த ஈழத்தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு ஐந்து வருடத் தடை இருந்ததில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டமோ, 2026 அக்டோபர் 1 முதல் அந்த நிலையில் இருப்பவர்களில் பலரை மெடிகெய்ட்டிலிருந்து விலக்குகிறது. ஓராண்டு முடிந்திருந்தால் கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். மெடிகெய்ட் வாங்கினால் கிரீன் கார்டு போய்விடுமா என்ற பயத்தையும் அவரிடமே கேளுங்கள். அரசு உதவியை நம்பி வாழக்கூடியவர் என்று கருதினால் கிரீன் கார்டை மறுக்கும் ‘பப்ளிக் சார்ஜ்’ விதியை 2019-இல் இறுக்கி 2022-இல் தளர்த்தினார்கள். அதை மறுபடி மாற்றும் பேச்சும் எழுந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

சரி, மெடிகெய்ட் கார்டு வந்துவிட்டது. அப்புறம்தான் டாக்டரைத் தேடும் வேலை. மெடிகெய்ட் தரும் கட்டணம் குறைவு என்பதால் டாக்டர்கள் பலர் அதை ஏற்பதில்லை. பல மாநிலங்கள் மெடிகெய்ட்டைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக நடத்துவதால், கார்டில் உள்ள பிளான் பெயரைச் சொல்லி, புது நோயாளிகளைச் சேர்க்கிறீர்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சமுதாய சுகாதார மையங்கள் மெடிகெய்ட்டை ஏற்கும். காப்பீடே இல்லாதவர்களிடம் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்பது உங்கள் உரிமை. பத்து வயதுப் பிள்ளையை வைத்து அம்மாவின் நோயை விளக்க வேண்டியதில்லை.

அவசரம் என்றால் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணமோ காப்பீடோ இல்லை என்று பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. பில் பின்னால் வரும். வந்ததும் அவசரகால மெடிகெய்ட்டும் மருத்துவமனையின் நிதியுதவியும் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து வருடத் தடைக்குள் இருப்பவர்களுக்கும் அவசரகால மெடிகெய்ட் பொருந்தலாம், பிரசவமும் அதில் அடங்கும்.

ஆனால் நம்மவர்கள் அதிகம் இழப்பது தபால் பெட்டியில்தான். 2023-இல், யாரையும் நீக்கக் கூடாது என்ற கோவிட் கால விதி முடிந்து எல்லாரையும் மறுபடி சரிபார்த்தபோது 2 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் விழுந்தது தகுதி இல்லை என்று முடிவானதால் அல்ல, படிவம் போய்ச் சேராதது போன்ற நடைமுறைக் காரணங்களால். வீடு மாறினால் அன்றே முகவரியை மாற்றுங்கள். 2025 சட்டத்தின்படி, 2010 விரிவாக்கத்தில் வந்த பெரியவர்களுக்கு 2027 ஜனவரிக்குள் மாதம் 80 மணி நேர வேலை, படிப்பு அல்லது தன்னார்வப் பணிக்கான சான்றும், ஆறு மாதத்துக்கு ஒரு புதுப்பித்தலும் கட்டாயமாகின்றன. 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு வேலை விதியில் விலக்கு உண்டு. அந்த விலக்குக்கும் படிவம் கேட்கலாம். சம்பளச் சீட்டுகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால் அதன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி அதில்தான் இருக்கும். காப்பீடு நிற்கும் நாளுக்கு முன்பே விசாரணை கேட்டுவிட்டால், பொதுவாக முடிவு வரும் வரை அது தொடரும். தோற்றால் அந்த இடைக்காலச் செலவை மாநிலம் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.