1911 பிஸ்டலில் விழும் வளைவுக் கீறல்

1911 ரகப் பிஸ்டலைக் கழற்றித் துடைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) உருவுங்கள். சேம்பர், அதாவது சுடும் தோட்டா அமரும் அறை, காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப்பை (மேலே நகரும் ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் நெம்புகோலை) கீழிருந்து மேலே சுழற்றித் தள்ளினால், அதன் முனை ஃபிரேமின் (பிஸ்டலின் உடல் சட்டத்தின்) இடப்பக்கம் உரசி, நகம் கீறியது போல வளைந்த கோடு விழும். அமெரிக்காவில் இதற்கு 'இடியட் ஸ்க்ராட்ச்' (முட்டாள் கீறல்) என்றே பெயர். அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு பூட்டுங்கள்.

விழுந்துவிட்டதா? வருந்தாதீர்கள், சுடுவதில் குறை வராது. உழைத்த உளியில் கீறல் இல்லாமலா இருக்கும்? ஆனால் கருநீலப் பூச்சு போய் வெறும் எஃகு தெரிந்தால் துருப் பிடிக்கும். கைவியர்வையைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிசாகத் தடவி வையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், சுற்றியிருக்கும் பூச்சும் போய்விடும்.