7294 போர்டில் ஹம் இல்லாத ஆம்ப்ளிஃபையர்

டி.டி.ஏ. 7294 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. பதித்த ஒரே போர்டை இரண்டு பேர் வாங்கிப் போகிறார்கள். ஒருவரின் செட், வால்யூமை முழுசாகக் குறைத்தாலும் 'ம்ம்ம்' என்று இரைகிறது; அதுதான் ஹம். இன்னொன்றில் ஆன் ஆனதே காதுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் பவர் சப்ளையிலும் கிரவுண்டு வயர் போகிற பாதையிலும் இருக்கிறது. இங்கே அதிகம் பேசப்போவதும் அதைத்தான்.

தென்காசி, செங்கோட்டைக் கடைகளிலும் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலும் கேட்கவேண்டிய பொருள்கள் இவை: டி.டி.ஏ. 7294 ஸ்டீரியோ போர்டு (டி.சி. இன்புட்), 24-0-24 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் 25 ஆம்பியர் பிரிட்ஜ், 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) 63 வோல்ட் கண்டென்சர் நான்கு, 50கே டபுள் வால்யூம், துடுப்பு வைத்த அலுமினிய ஹீட் சிங்க், மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட், பிளாஸ்டிக் புஷ், 2 ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ், ஷீல்டு வயர், ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு. 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட் பக்கம் கிடைக்கும். வீட்டுக்கும் டீக்கடைக்கும் தாராளம். கோயில் கொடைக்குப் போதாது.

சத்தம் கூட வேண்டுமென்று 30-0-30 போடாதீர்கள். 30 வோல்ட் ஏ.சி., பிரிட்ஜும் கண்டென்சரும் தாண்டினால் 41, 42 வோல்ட் டி.சி. ஆகிவிடும். இந்த ஐ.சி. வேலை செய்யும் எல்லை பிளஸ் பக்கம் 40, மைனஸ் பக்கம் 40 வோல்ட். 24-0-24 சப்ளையிலேயே 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினாலும் தொல்லைதான்: ஐ.சி. சூடேறித் தன்னைத்தானே அணைக்கும், ஆறினதும் திரும்ப வரும், பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். 4 ஓம்தான் இருக்கிறதென்றால் 18-0-18 வாங்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு 24 முனைகளும் பிரிட்ஜின் ஏ.சி. கால்களுக்கு. நடு வயர் பிரிட்ஜுக்குப் போகவே கூடாது. நேராகக் கண்டென்சர்களின் நடுச்சந்திக்கு வரவேண்டும். பிளஸ் பக்கம் இரண்டு கண்டென்சர், மைனஸ் பக்கம் இரண்டு. மைனஸ் பக்கத்தில் கண்டென்சரின் பிளஸ் கால்தான் கிரவுண்டில் சேரும். இதை மாற்றிப் போட்டால் கண்டென்சர் வெடிக்கும்.

அந்த நடுச்சந்தியில் ஒரு தடித்த செம்புக் கம்பியைப் பற்றவையுங்கள். போர்டு கிரவுண்டு, இரண்டு ஸ்பீக்கர் மைனஸ், பெட்டி கிரவுண்டு எல்லாம் தனித்தனி வயராக அங்கேயே வந்து சேரட்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் ஸ்பீக்கர் கரண்டு இன்புட் கிரவுண்டு வழியாக ஓடும். ஹம் பிறப்பது அங்கேதான். இன்புட் ஜாக்கைப் பெட்டித் தகட்டில் படாமல் மாட்டுங்கள். வால்யூமிலிருந்து போர்டுக்குப் போகும் ஷீல்டு வயர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போகவேண்டாம்.

7294இன் முதுகுத் தகடு உள்ளே மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா இல்லாமல் முறுக்கினால் ஹீட் சிங்க் முழுக்க மைனஸ் 33 வோல்ட் நிற்கும். அது பெட்டியில் பட்ட கணம் ஷார்ட். மைக்காவின் இரண்டு பக்கமும் ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, ஸ்க்ரூவுக்குப் புஷ் போட்டு, தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டரை பீப்பில் (கன்டினியூட்டியில்) வையுங்கள். சத்தம் வந்தால் கழற்றிப் பாருங்கள்: பெரும்பாலும் துளை ஓரத்துப் பிசிறு மைக்காவைக் குத்தியிருக்கும்.

முதல் தடவை நேரடியாக 230 வோல்ட் கொடுக்கவேண்டாம். 60 வாட் இழை பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள், எல்.இ.டி. பல்பு உதவாது. முதலில் போர்டு இல்லாமல் சப்ளை மட்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். இரண்டு பக்கமும் 33, 34 வோல்ட் அளவில் சமமாக இருக்கவேண்டும். அணைத்தபின், 220 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இடுக்கியால் பிடித்து, பக்கத்துக்குப் பத்து வினாடி கண்டென்சரில் வைத்துச் சார்ஜை இறக்குங்கள். பிறகு போர்டை மாட்டி, ஸ்பீக்கர் இல்லாமலே அவுட்புட்டில் டி.சி. பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், காயில் கருகிவிடும். பின்னாளில் ஐ.சி. போனாலும் ஸ்பீக்கரைக் காப்பது புரொடெக்‌ஷன் போர்டுதான். காசு மிச்சமென்று விடவேண்டாம்.

புளூடூத் கிட்டுக்கு 5 வோல்ட்டை இந்த 33 வோல்ட்டிலிருந்து 7805 வைத்து எடுக்காதீர்கள். 7805 தாங்கும் உச்சமே 35 வோல்ட். தனியாக 9 வோல்ட் 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதை டி.சி. ஆக்கி, 7805 வழியாக எடுங்கள். அதன் பிறகும் 'கீ...' என்று கீச்சிட்டால் பி0505எஸ் என்ற, கிரவுண்டைப் பிரித்துவிடும் சின்ன ஐசொலேட்டரைக் கிட்டின் சப்ளையில் இடையில் போடுங்கள், அடங்கிவிடும்.

ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் அடிக்கும் ஊர்களில் ஆனி, ஆடியில் போர்டின் செம்பு பச்சை பூக்கும், வால்யூம் கரகரக்கும். சால்டரிங் முடிந்ததும் ஃப்ளக்ஸை (பற்றவைக்கும்போது படியும் பிசின்) ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்தபின் பி.சி.பி. லாக்கர் ஒரு பூச்சு கொடுங்கள். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலை ஒட்டுங்கள். கதகதப்புக்குப் பல்லி வந்து சப்ளையில் படுக்கும். ஃப்யூஸுக்கு அடுத்து, லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, திடீரென எகிறும் வோல்ட்டை உறிஞ்சும் 14டி471கே வேரிஸ்டர் ஒன்று இருக்கட்டும். ஐப்பசியில் இடி முழங்கினால் அதையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.