கையை இழுக்காதீர்கள்: வளர்ப்புப் பாம்பு கடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பாம்பு வளர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கடிக்காதா?" கடிக்கும். பிரிட்டனில் குடியேறி, ஒரு பால் பைத்தானும் (ball python, சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒரு கார்ன் ஸ்னேக்கும் (corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) வளர்க்கத் தொடங்கிய பிறகு இதுவரை நான்கு கடி வாங்கியிருக்கிறேன். மூன்று இரண்டே நாளில் ஆறிவிட்டன. நான்காவது மூன்று வாரம் படுத்தியது. அதைப் பெரிதாக்கியது நான்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் சொல்வதெல்லாம், வீட்டுப் பெட்டியில் இருக்கிற, இன்ன இனம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த, விஷமில்லாத பாம்புக்கு மட்டும். ஊரில் வயலிலோ, கொல்லையிலோ, வீட்டுக்குள் நுழைந்தோ ஒரு பாம்பு கடித்தால் இதில் ஒரு வரியைக்கூடப் பொருத்திப் பார்க்காதீர்கள். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கும் கட்டுவிரியனுக்கும் உடம்பில் பட்டை ஒரே மாதிரி இருக்கும். பதற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. "வலிக்கவே இல்லை, தண்ணீர்ப்பாம்பாகத்தான் இருக்கும்" என்று படுத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அப்புறம், சாரை, மலைப்பாம்பு, நாகம் போன்ற நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்று பைத்தானுக்கு இரை போடும் நாள். ஃப்ரீசரில் இருந்த எலியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். உருகிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்துவிடலாம் என்று அதே கையை உள்ளே விட்டேன். கண் இமைப்பதற்குள் கட்டைவிரலின் அடிச்சதையில் பாம்பின் தலை, மணிக்கட்டில் இரண்டு சுற்று. உண்மையில் பெரிய வலி இல்லை. ஆனால் பயத்தில் கையை வெடுக்கென்று இழுத்தேன். ஊசி குத்தினாற்போல் சில துளிகளோடு முடிந்திருக்க வேண்டியது, நான்கு நீளமான கிழிசலாகிவிட்டது.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. பைத்தானுக்கு நச்சுப்பல் கிடையாது. ஆனால் மேல்தாடையில் பக்கத்துக்கு ஒரு வரிசை, அண்ணத்தில் பக்கத்துக்கு ஒரு வரிசை, கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு வரிசை என்று ஆறு வரிசைப் பற்கள் உண்டு. எல்லாமே தூண்டில் முள் மாதிரி தொண்டையைப் பார்த்து வளைந்தவை. வாய்க்குள் போன எலி திரும்பி வரக் கூடாது, அதற்காக அமைந்தவை. அப்படிப்பட்ட வாயிலிருந்து கையை வெளியே இழுத்தால் சதையும் கிழியும், பாம்பின் பல்லும் ஒடியும்.

கடி இரண்டு வகை. ஒன்று பயத்தில் கடிப்பது. கழுத்தை 'எஸ்' மாதிரி மடித்து, சீறி, ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் பின்வாங்கிவிடும். கார்ன் ஸ்னேக் என்றால் அதற்கு முன்பே வாலைப் படபடவென்று ஆட்டும். நீங்கள் உணரும்போது அது முடிந்திருக்கும். விடுவிக்க ஒன்றும் இல்லை. இரண்டாவது, கையை இரை என்று நினைத்துக் கடிப்பது. இதுதான் பிடித்துக்கொண்டு சுற்றும். பால் பைத்தானின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலி வாசனை, கூடவே கதகதப்பு. அதைப் பொறுத்தவரை என் கை ஒரு எலிதான்.

இப்படிப் பிடித்துக்கொண்டால் கை அப்படியே இருக்கட்டும். பாம்பின் உடம்பை மறு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், அந்தரத்தில் தொங்க விடாதீர்கள். அசையாத கையைப் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும். விடவில்லை என்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத் தலைமேல் மெல்ல ஓட விடுங்கள். ஹேண்ட் சானிடைசரை ஒரு சொட்டு வாயோரத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கண்ணிலும் மூக்கிலும் பட்டால் பாம்புக்குக் கெடுதல் என்பதால் தண்ணீரையே முதலில் முயலச் சொல்வேன். சுற்றை வால் பக்கத்திலிருந்து பிரித்தால் சுலபமாக வரும், தலைப் பக்கத்திலிருந்து பிரித்தால் இறுக்கம்தான் கூடும். தாடை தளர்ந்ததும் தலையைப் பின்னால் இழுக்காமல், கையை நோக்கி லேசாக முன்னால் தள்ளுங்கள். வளைந்த பற்கள் அப்போதுதான் கழன்றுகொள்ளும். கத்தி முனையாலோ ஸ்பூனாலோ வாயை நெம்புவது, வாலைப் பிடித்து இழுப்பது, லைட்டரைக் காட்டுவது, சுடுதண்ணீர் ஊற்றுவது இவற்றில் எதுவும் வேண்டாம்.

அன்று இரவு ஊரிலிருந்து அம்மா போனில் பேசினார். "மேலே இறுக்கிக் கட்டினியாப்பா? மஞ்சள் வச்சியா?" அக்கறையில் கேட்டதுதான். ஆனால் விஷமே இல்லாத கடிக்குக் கட்டு எதற்கு? ரத்த ஓட்டம்தான் நிற்கும். (விஷக்கடிக்கும் இறுக்கிக் கட்டுவது கெடுதல்தான்.) கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, காப்பித்தூள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் புண்ணை அழுக்காக்குவதோடு சரி. பாம்பின் பற்கள் மெல்லியவை; சின்னக் கீறல்கூட நிறைய ரத்தம் கசிவதுபோல் காட்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, போவிடோன் அயோடின் தடவி, தளர்வாக ஒரு கட்டுப் போட்டால் போதும். சமையலறைத் தொட்டியில் மட்டும் கழுவ வேண்டாம். ஊர்வனவற்றிடமிருந்து சால்மோனெல்லா கிருமி பரவும்.

நான் செய்த அடுத்த தவறு, பல் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டது. ஒடிந்த பல் ரோஜா முள்ளைவிட மெல்லியது, கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் நிறம். நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, விரலால் மெல்லத் தடவினால் நறுக்கென்று தட்டுப்படும். மேலாக இருந்தால் சுத்தம் செய்த ட்வீசரால் எடுக்கலாம். ஆழத்தில் இருந்தால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எனக்கு ஏழாம் நாள் அந்த இடம் பட்டாணி அளவுக்குக் கட்டி, தொட்டாலே உயிர் போனது. மருத்துவர் கீறிச் சீழை எடுத்தபோது, கூடவே அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு பல் வந்தது.

வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் மரத்தாலோ மடங்காமல் போனாலோ காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் சின்னக் கடிக்கும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முகத்திலோ கண்ணருகிலோ கடித்திருந்தால் யாராக இருந்தாலும் உடனே போக வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டிவிட்டதா என்றும் யோசியுங்கள். நாய்க்கடிப் பழக்கத்தில் ரேபிஸ் ஊசி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், பாம்புக்கு வராது.

நான் மிகவும் கவலைப்படுகிற தவறு வேறு. கடைக்காரர் "விஷமில்லை" என்று சொன்னதை அப்படியே நம்புவது. இங்கே பலர் ஆசையாக வளர்க்கும் ஹாக்நோஸ் (hognose) என்ற சிறிய பாம்புக்கு வாயின் பின்பக்கத்தில் நீண்ட பற்களும், லேசான நஞ்சுள்ள உமிழ்நீரும் உண்டு. கொத்திவிட்டு விட்டால் ஒன்றுமில்லை. பிடித்துக்கொண்டு சில நிமிடம் மென்றால் விரலிலிருந்து புறங்கை வரை வீங்கும், கொப்புளம் போடும். "பாவம், குட்டிதானே" என்று அதைக் கையை மென்றுகொண்டிருக்க விட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஹாக்நோஸை மட்டும் தானாக விடட்டும் என்று காத்திருக்காமல் உடனே தண்ணீரைக் காட்டி விடுவியுங்கள். பின்பல் பாம்புகளைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில் பெரிய அறிஞர்களே உயிரை விட்டிருக்கிறார்கள். சிகாகோவின் கார்ல் ஷ்மிட் 1957இல் பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்கப் பாம்பின் குட்டி ஒன்று கடித்து மறுநாளே இறந்தார். ஜெர்மனியின் ராபர்ட் மெர்டென்ஸ் 1975இல் தாம் வளர்த்த ஆப்பிரிக்கச் சுள்ளிப் பாம்பு (twig snake) ஒன்றின் கடியால் இறந்தார். வாழ்நாள் முழுக்கப் பாம்புகளை ஆராய்ந்தவர்கள் அவர்கள்.

கடியைத் தவிர்க்க நான் இப்போது மாற்றிக்கொண்டவை கொஞ்சம்தான். இரையை நீண்ட இடுக்கியால் மட்டுமே தொடுகிறேன். பெட்டியைத் திறந்ததும் கொக்கிக் கம்பியால் உடம்பை லேசாகத் தொடுகிறேன். இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று அதற்குப் பழகிவிட்டது. இரை தின்ற பின் இரண்டு நாள் கையில் எடுப்பதில்லை. சட்டை உரிக்கும் முன் கண்ணில் பால் படர்ந்தாற்போல் ஆகும், அப்போது பார்வை மங்கலாக இருப்பதால் மிரளும். அந்த நாட்களிலும் எடுப்பதில்லை. எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பாம்பை யாருடைய முகத்தருகிலும் கொண்டுபோவதில்லை.

கடித்த பாம்பை அடிப்பவர்களும் உண்டு, பழி வைத்துக்கொள்ளும் என்று பயந்து விற்றுவிடுபவர்களும் உண்டு. அதற்குப் பழியும் தெரியாது, தண்டனையும் புரியாது. மெதுவாகப் பெட்டியில் விட்டுவிட்டு, மறுநாள் அதன் வாயைக் கவனியுங்கள். கையை இழுத்ததில் என் பைத்தானின் ஈறு ஓரிடத்தில் சிவந்து, கெட்டியாக எச்சில் ஒழுகியது. வாய்ப்புண்ணின் ஆரம்பம் என்றார் கால்நடை மருத்துவர். மருந்து தடவி, மூன்று வாரம் இரை போடாமல் காத்திருந்தேன். என் கைப்புண்ணும் அதன் வாய்ப்புண்ணும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் ஆறின. பாம்புக்குப் பல் விழுந்தால் திரும்ப முளைக்கும். அடுத்த எலியை அது இடுக்கியிலிருந்து சுத்தமாகக் கவ்வி எடுத்துக்கொண்டது.