ஏர் ரைஃபிள் பெல்லட்டில் வெள்ளை பூத்தால்

காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கடல்காற்றில் டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்தால் 4.5 மி.மீ. ஈய பெல்லட்டில் (காற்றழுத்தத் துப்பாக்கியில் போடும் சின்ன குண்டு) வெள்ளைப் பொடி படியும். இது இரும்புத் துரு போன்றதல்ல, நச்சு. வாயால் ஊதவே கூடாது.

கையுறை, முகக்கவசம் போட்டுத்தான் பிரித்தேன். பின்பக்கப் பாவாடை (குண்டின் குழிவான பின் விளிம்பு) நசுங்கியதும் குழி விழுந்ததும் குப்பைக்கு. எவ்வளவு கழுவினாலும் அவை நேராகப் போகாது. லேசாகப் பூத்தவற்றை மட்டும், அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தாறு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மூடிய பாட்டிலில் மெல்லப் புரட்டினேன். வேகமாகக் குலுக்கினால் ஓரம் நசுங்கும், ஈயம் அவ்வளவு மென்மை. பிறகு மூன்று அலசல். வினிகர் வேண்டவே வேண்டாம்: தண்ணீரில் கரையும் ஈய அசிடேட் உண்டாகும், அது இன்னும் ஆபத்து. சமையலறைப் பாத்திரமும் சிங்க்கும் கூடாது. அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

துணியில் பரப்பி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். குழிவுக்குள் ஈரம் நின்றால் மறுபடி பூக்கும். எண்ணெய் தடவ ஆசை வரும்; ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ரைஃபிளில் பெட்ரோலிய எண்ணெய் அழுத்தச் சூட்டில் பற்றி வெடித்து காற்று கசியாமல் அடைக்கும் ‘சீல்’ பாகத்தைக் கெடுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடி வைத்தாலே போதும்.